முரண் நகல்

லூலியோவில் ஜனவரி.
பகல், மதியச் சாப்பாட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி.
எனக்கு இரவுப் பணி.
உறைந்த ஆற்றங்கரையில் சன்னல் இல்லாத மண்டபம்
வெளிக்குளிரை உறிஞ்சி
உள்ளே வெந்துகொண்டிருக்கும் பெட்டிகளுக்கு ஊட்டும்.

யாரோ ஒருவரின் கல்யாணப் படம்,
யாரோ ஒருத்தியின் ரத்தப் பரிசோதனை,
எழுதி அனுப்பாத ராஜினாமா.
எல்லாமே என் காதுக்கு ஒரே இரைச்சல்.
வட்டு ஒன்று செத்தால் மஞ்சள் விளக்கு எரியும்.
உருவி எடுத்து, எண்ணைக் குறித்து,
அரைக்கும் இயந்திரத்தின் வாயில் போடுவேன்.
கல் உப்பு நொறுங்குவது போலச் சத்தம்.
கவலை வேண்டாம்,
உங்களுடையது இன்னும் இரண்டு இடத்தில் உண்டு.

பாலுக்குப் பூனை காவலா என்பீர்கள்.
இந்தப் பூனைக்கு
எந்தக் குடத்தில் பால், எதில் தண்ணீர் என்று தெரியாது.
தெரியாமலிருப்பதற்குத்தான் சம்பளம்.

ஆனாலும் என் கோப்பு ஒன்றை
நான் அங்கே விட்டதில்லை.

தோர்கெல் அப்படியில்லை.
பல்லின் எக்ஸ்ரே, படகு எஞ்சின் ரசீது,
பனி வண்டியின் காப்பீடு
அலைபேசியில் இருப்பதெல்லாம் அலுவலகக் கணினியில்,
அங்கிருப்பதெல்லாம் சமையலறைப் பலகைக் கணினியில்.
"எங்கே வைத்தோம் என்று தேடவே வேண்டாம், பார்" என்பான்.
உண்மைதான்.
பதினொரு வருடத்தில் அவன் எதையும் தேடி நான் பார்த்ததில்லை.
என்னையும்தான்
என்று ஒருநாள் எழுதினேன், அந்தக் கோப்பில்.

கோப்பின் பெயர் 'உருளைக்கிழங்கு விலை'.
அப்படிப் பெயர் வைத்தால் யார் திறப்பார்கள்?
ஒரு விசை உதிர்ந்த பழைய மடிக்கணினி,
இணையம் காணாதது.
சனிக்கிழமைகளில் நான்கு வரி.
மருத்துவமனைக்குப் போய்விட்டு நூலகம் என்று சொன்னது.
கிருனாவுக்கு டிக்கெட் எடுத்து
ரயில் ஏறாமல் திரும்பியது.

போன வாரம் அதில் ஒரு படிவம் நிரப்ப
இணையம் வேண்டியிருந்தது. ஒரே ஒரு மணி நேரம்.
'உங்கள் வசதிக்காக' என்று ஒரு கட்டம் எழுந்தது.
சரி. அல்லது, பிறகு.
பிறகு என்றுதான் தொட்டேன், சத்தியம்.
கையில் மாவு இருந்தது என்பதும் சத்தியம்.

நேற்றுப் பணி இடைவேளையில்
வழக்கம்போல் நான்கு வரி எழுதினேன்.
காலையில் வீட்டுக்கு வந்தால்
சமையலறைப் பலகையில்
மளிகைப் பட்டியலுக்கும் வானிலைக்கும் நடுவே
உருளைக்கிழங்கு விலை.
பக்கத்தில் பச்சைக் குறி.

அவன் கடைக்குப் போயிருந்தான்.
காப்பிக் கோப்பை இன்னும் சூடு.

இரவெல்லாம் ஊரார் ரகசியங்களுக்கு நடுவே நடந்தவள்
ஒரு கண்ணாடிச் சில்லின் முன் கால் நடுங்கி நின்றேன்.
முன்பின் தெரியாத கம்பெனியை நம்பலாமா என்றுதானே
இத்தனை வருடம் யோசித்தேன்.
அங்கே நான் யாரென்று யாருக்கும் தெரியாது.
தெரிந்தவன் இருக்கும் வீட்டில்தான்
எனக்குப் பூட்டு வேண்டியிருந்திருக்கிறது.

மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்தேன். அழிக்கத்தான்.
திறந்ததும் கோப்பு இரண்டானது.
ஒன்று என்னுடையது.
மற்றது, 'உருளைக்கிழங்கு விலை (தோர்கெலின் முரண் நகல்)'.
இயந்திரம் வைத்த பெயர்.
ஒரே இரவில் இரண்டு கைகள் எழுதினால்
அதற்கு வேறு வார்த்தை தெரியாது.

என் வரிகள் அப்படியே இருந்தன.
ஒரு காற்புள்ளி அசையவில்லை.
நான் ஏறாத அந்த ரயிலுக்குக் கீழே
இரண்டு வரி இடம் விட்டு:

"பாதாம் உருளை, கிலோ இருபத்தாறு குரோனா.
போன வாரம் இருபத்திரண்டு."

முழுதும் படித்தானா,
கடைசிவரை உருட்டிக்கொண்டு மட்டும் வந்தானா?
பச்சைக் குறி அதையெல்லாம் சொல்லாது.

கதவு திறந்தது. தாடியில் பனி.
மேசையில் காகிதப் பையை வைத்தான், இரண்டு கிலோ.
எந்த நகலை வைத்துக்கொள்வது என்று
திரை கேட்டுக்கொண்டிருந்தது.
அவன் கத்தியைத் தேடினான்.
அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது.
தேடினான்.